நெல் விற்கிற நேரத்தில் மனம் தளர்ந்துபோகிறது, எப்படித் திடப்படுத்துவது?

வெல்லாவெளித் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 31 வயது. மட்டக்களப்பு மாவட்டம், வெல்லாவெளிப் பக்கம் நாலு ஏக்கர் வேளாண்மை. அப்பா இருக்கும்வரை அவர் பார்த்தார், இப்போது மூன்று வருசமாக நான். உழைக்கப் பயமில்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் விதைத்தது அழுகிப்போனபோதும் உட்கார்ந்து அழவில்லை, கடனுக்கு விதைநெல் வாங்கித் திரும்ப விதைத்தேன். விற்கிற நேரம் வந்தால்தான் மனம் கைவிட்டுவிடுகிறது.

போன பெரும்போகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெட்டு மெசின் வயலை விட்டு ஏறி அரை மணித்தியாலம் ஆகவில்லை, வியாபாரியின் லொறி வந்து நின்றது. கிலோ 105 ரூபாவுக்குக் குறையக் கொடுப்பதில்லை என்று இரவே நினைத்து வைத்திருந்தேன். அவர் ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஈரம் கூட, 92” என்றார். மெசின்காரர் காசுக்குப் பக்கத்தில் நிற்கிறார். உரக்கடைக்காரர் விடியவே கோல் எடுத்துவிட்டார். அன்றைக்கே கொடுக்கவேண்டியது இரண்டு லட்சத்து எண்பதாயிரம். எனக்கு வாய் உலர்ந்துபோயிற்று. “சரி, ஏத்துங்க” என்றுவிட்டேன். மூன்று நிமிசம்கூட இல்லை, 6,400 கிலோவும் போய்விட்டது. அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு 120 ரூபா என்று அறிவித்திருந்த போகம் அது. மனைவியின் காப்பு இரண்டும் இன்னும் அடகில் இருக்கின்றன.

அதன் பிறகு மனத்திடம் பற்றிய வீடியோக்களை நிறையப் பார்த்தேன். விடிய 4 மணிக்கு எழும்பச் சொன்னார்கள், எழும்பினேன். கிணற்றுத் தண்ணீரில் குளித்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று “நான் வெல்வேன்” என்றும் சொன்னேன். நாற்பது நாள் விடாமல் செய்தேன். சித்திரையில் இரண்டு மாடு விற்கப்போனபோது அதே வாய் உலர்ச்சி.

தொழிலில் முன்னுக்கு வந்தவர்களுக்கு இந்தத் திடம் பிறவியிலேயே வருகிறதா? ஆவணியில் சிறுபோகம் வெட்டு. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லடி வாசி:

தம்பி, எனக்கு வேளாண்மை தெரியாது. பள்ளிக்கூடக் காலத்தில் கூடைப்பந்து விளையாடியவன், இப்போது மாலையில் வெபர் மைதானத்தில் பொடியன்களுக்குப் பழக்குகிறேன். நீங்கள் சொன்ன அந்த மூன்று நிமிசம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு அது ஐந்து வினாடி. ப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கிற தனி எறிதல், எறிய நடுவர் பந்தைக் கையில் தந்தால் ஐந்து வினாடிக்குள் எறிந்துவிட வேண்டும். யாரும் மறிக்க மாட்டார்கள், தூரமும் மாறாது. தனியாக நின்று நூற்றுக்கு எண்பது போடுகிற பொடியன் ஆட்டத்தின் கடைசி நிமிசத்தில் இரண்டையும் தவறவிடுவான். நானும் விட்டிருக்கிறேன். அன்றைக்குத் தோற்றோம்.

எங்கள் கோச் என்னைப் பிடித்து “தைரியமாயிரு” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பயிற்சியை மாற்றினார். முன்பு வந்தவுடன் ஆறுதலாக எறிவோம். அதன் பிறகு மைதானத்தை ஆறு சுற்று ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போது பந்தைத் தருவார். மற்றவர்களைப் பக்கத்தில் நிறுத்திக் கத்தச் சொல்வார். எறியும் முன் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கு: பந்தை மூன்று தரம் தட்டு, மூச்சை முழுக்க விடு, வளையத்தின் முன் விளிம்பைப் பார், எறி. கை நடுங்கத்தான் செய்யும், ஆனால் அடுத்து என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் நாற்பது நாள் பழகியது தனி அறையில். உங்கள் ஆட்டம் நடப்பது லொறிக்குப் பக்கத்தில். வீட்டில் யாரையாவது வியாபாரியாக நிறுத்தி, நெல்லைத் தேய்த்துப் பார்த்து விலையைக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் முதலில் மூச்சை விட்டு, “வீட்டில் கேட்டுவிட்டுப் பத்து நிமிசத்தில் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். இருபது, முப்பது தரம்.

சம்மாந்துறை நெல்லுக்காரன்:

தம்பி, லொறியில் வந்து இறங்குகிற ஆள் நான்தான். உங்களுடைய நெல்லை எடுத்தவன் இல்லை, ஆனால் அதே தொழில், 22 வருசம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன்.

வயலடியில் இறங்கினதும் நான் முதலில் பார்ப்பது நெல்லை அல்ல. மெசின்காரன் போகாமல் நிற்கிறானா? சாக்கு இருக்கிறதா? படங்கு (தார்ப்பாய்) இருக்கிறதா? களவெட்டியில் (நெல் குவிக்கிற களத்தில்) இரண்டு படங்கு விரித்து ஒரு பக்கம் நெல் காய்ந்துகொண்டிருந்தால், அந்த ஆள் வாயே திறக்காமல் என் விலை நாலைந்து ரூபா கூடிவிடும். அவனால் பொறுக்க முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படங்கும் இல்லை, வானமும் கறுக்கிறது, மெசின்காரனும் நிற்கிறான் என்றால் அவன் எவ்வளவு நெஞ்சுரம் உள்ளவனாக இருந்தாலும் இன்றைக்கு விற்றே ஆகவேண்டும். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் 9,000 கிலோவோடு மில் வாசலில் நிற்கிறேன், மழை தூறத் தொடங்கிவிட்டது. லொறியின் படங்கு கிழிசல். மில்லில் கேட்ட விலைக்கு இறக்கிவிட்டு வந்தேன். வாப்பா ஏசவில்லை. அடுத்த நாள் கடைக்குப் போய்ப் புதுப் படங்கு வாங்கிவந்து லொறிக்குள் போட்டார், அவ்வளவுதான். அந்தப் படங்கு பதினொரு வருசம் என்னோடு இருந்தது. அதன் பிறகு மில் வாசலில் எனக்கு வாய் உலர்ந்ததில்லை.

இன்னொன்று, கணக்கு. “ஈரம் கூட” என்று சொன்னால் நீங்கள் பயப்படுகிறீர்கள், ஏனென்றால் அது எத்தனை ரூபா என்று உங்களுக்குத் தெரியாது. அரசாங்கத்துக்காக நெல் வாங்குகிற நெல்லுச் சபை எடுப்பது 14 வீத ஈரத்தில். மெசினால் வெட்டிய நெல் 20 வீதம் என்று வையுங்கள். அதை 14க்குக் காயவைத்தால் 1,000 கிலோ 930 கிலோவாகும். ஆகவே ஈர நெல் 92 என்றால், காய்ந்த நெல் 99க்குப் போனாலே தண்ணீரின் நிறை ஈடாகிவிடும். 99க்கு மேலே போகிற ஒவ்வொரு ரூபாவும், காயப்போட்ட கூலியும் ஏற்றுக்கூலியும் போக, உங்களுடையது.

இனி அன்றைய நாளைப் பாருங்கள். உங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு லட்சத்து எண்பதாயிரம். 92க்கே கொடுத்திருந்தாலும் 3,050 கிலோ போதும். மிச்சம் 3,350 கிலோ காய்ந்தால் 3,115 அளவில் வரும். சபையின் 120ஐ விடுங்கள், உங்கள் முறை வரும் என்று நம்பி இருக்க முடியாது. வெளியில் 108 கிடைத்தது என்று வையுங்கள். 3,36,000 ரூபா. நீங்கள் அதே நெல்லுக்கு எடுத்தது 3,08,000. கூலி போனாலும் காப்பில் ஒன்றையாவது மீட்டிருப்பீர்கள். “பாதியை ஏற்றுங்கள், பாதி காயப்போகுது” என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை தம்பி. எந்த வியாபாரியும் அதற்காகத் திரும்பிப் போகமாட்டான், லொறி வந்த டீசல் காசு அவனுக்கும் இருக்கிறது.

கல்முனை அக்கா:

தம்பி, நான் கிராமியக் கடன் பிரிவில் 17 வருசம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்) சொன்ன கணக்கு அச்சொட்டாகச் சரி. ஆனால் வெட்டுகிற அன்றைக்கு அந்தக் கணக்கைப் போட உங்கள் தலை இடம் கொடுக்காது, அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு செய்து 2013ல் வெளியிட்டார்கள். அதே ஆட்களுக்கு அறுவடைக்கு முன்னால் கை வறண்ட நேரம் ஒரு முறை, அறுவடைக் காசு வந்த பிறகு ஒரு முறை, அறிவுச் சோதனை வைத்தார்கள். முன்னால் செய்ததைவிடப் பின்னால் நன்றாகச் செய்தார்கள். ஆள் ஒன்றுதான், காசுக்கவலை தலைக்குள் உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் மேசைக்கு முன்னால் இதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். தை மாதம் எதைக் காட்டினாலும் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறவர், பங்குனியில் வந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் கேள்வி கேட்பார்.

பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். ஒரு இனிப்பை உடனே சாப்பிடாமல் பொறுத்திருக்கிற பிள்ளைதான் பிற்காலத்தில் முன்னுக்கு வரும் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துச் சோதனையை வைத்து வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018ல் இன்னும் கூடுதலான பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, வீட்டு வசதியையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு மிகவும் குறைந்துபோயிற்று. சாப்பாட்டு மேசையில் எப்போதும் ஏதாவது இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பொறுப்பது லேசு. ஆகவே உங்களை நீங்களே கோழை என்று முடிவுகட்ட வேண்டாம்.

நான் சொல்வது ஒன்றுதான். வயல் பச்சையாக இருக்கும்போதே, இந்தக் கிழமையே உரக்கடைக்காரரிடம் போங்கள். “வெட்டின அன்று பாதி, இருபது நாளில் மிச்சம்” என்று கேளுங்கள். வெட்டின அன்று கேட்டால் அது கெஞ்சல் மாதிரி இருக்கும், ஆடியில் கேட்டால் ஒப்பந்தம். மெசின்காரர் காசை மட்டும் எப்படியாவது தனியாக எடுத்து வையுங்கள், சீட்டுக் காசானாலும் சரி. நுண்கடன் பக்கம் மட்டும் போகாதீர்கள். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன் போகத்துக்கு ஒரு முறை காசு காண்கிற ஆளுக்குப் பொருந்தாது, அதில் விழுந்த பெண்களை நான் கண்ணால் பார்த்தவள்.

தூக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு கிழமைக்கு மேலாக இப்படி இருந்தால் 1926க்கு ஒரு கோல் எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். மனத்திடம் வேண்டும் என்று சொல்லித் தூக்கமின்மையைச் சகித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

வெல்லாவெளித் தம்பி:

அண்ணன், காக்கா, அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு நாளாக மனைவியோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வாசித்தோம்.

நேற்று உரக்கடைக்குப் போனேன். போகும் வழியில் நெஞ்சு படபடத்தது, கடை வாசலில் நின்று மூச்சை விட்டுவிட்டு உள்ளே போனேன். இருபது நாள் முடியாது, பன்னிரண்டு நாள் தருகிறேன் என்றார். பாதிக் காசுக்குத்தான், ஆனாலும் தந்தார். கோயில் வண்ணக்கரிடமும் (நிர்வாகியிடமும்) கேட்டேன். திருவிழா முடிந்துவிட்டதால் வீதியில் இருக்கிற சீமெந்துத் தளத்தில் காயப்போடலாம் என்றார்.

காக்காவின் கணக்கை மனைவி ஒரு கொப்பித் தாளில் பெரிதாக எழுதியிருக்கிறா. ஈரம் 92 என்றால் காய்ந்தது 99, 95 என்றால் 102, 98 என்றால் 105 என்று கீழே வரிசையாக. அதை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன். அக்கா தந்த இலக்கத்துக்கும் நாளைக்கு எடுக்கிறேன், மனைவி பக்கத்தில் இருக்கும்போது.

படங்கு வீட்டில் ஒன்று இருக்கிறது, பெரியம்மாவின் மகன் ஒன்று தருகிறான். 3,000 கிலோவுக்கு மேல் காயப்போட குறைந்தது இன்னும் இரண்டு வேண்டும். எங்கள் போரதீவுப்பற்றுப் பிரதேசத்துக்குள் யாரிடமாவது ஆவணி நடுப்பகுதியில் வாடகைக்கு இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.