சேஃப்கார்டிங் மாடியூலா, பி.ஐ.ஏ.வா? முதலில் எதை எடுப்பது?

தாமிரபரணி கேட்டது:
வணக்கம். திருநெல்வேலியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தேன். இப்போது லண்டனில் ஒரு கவுன்சிலின் முதியோர் பிரிவில் சோஷியல் வொர்க்கர். இங்கே பதிவு செய்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வருடம் ஒரு முதுநிலைப் பயிற்சிக்குப் பணம் தருகிறார்கள். சேஃப்கார்டிங் (கொடுமை, புறக்கணிப்பிலிருந்து பெரியவர்களைக் காப்பது) அல்லது பி.ஐ.ஏ. (Best Interests Assessor: முடிவெடுக்கும் திறன் இல்லாத ஒருவரை அடைத்து வைத்திருப்பது அவர் நலனுக்கு உகந்ததா என்று மதிப்பிடுபவர்), ஏதாவது ஒன்றுதான்.

கேட்கக் காரணம் ஒரு கேஸ் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). எழுபது தாண்டிய தமிழ் அம்மா, மகனோடு இருக்கிறார். எதைக் கேட்டாலும் மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வருகிறது. பேங்க் கார்டும் மகனிடம்தான். காலில் ஆறாத புண். மாதக்கணக்கில் டாக்டரைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி, அவன் பார்த்துக்குறான்" என்கிறார். முடிவெடுக்கும் திறன் இருக்கிறது, உதவி வேண்டாம் என்கிறார், கேஸை மூடிவிடு என்கிறார் மேனேஜர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த மாதிரி இடத்தில் எந்தப் படிப்பு கைகொடுக்கும்?

மலர் அக்கா:
தம்பி, உங்கள் மனசு சொல்வது சரி. சேஃப்கார்டிங்கை முதலில் எடுங்கள்.

பி.ஐ.ஏ. நல்ல படிப்புதான். ஆனால் அந்த வேலை கேர் ஹோமிலும் ஆஸ்பத்திரியிலும் வெளியே போக விடாமல் வைக்கப்பட்டிருப்பவர்களுக்கானது. இந்த அம்மா சொந்த வீட்டில் இருக்கிறார்.

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சேஃப்கார்டிங்கின் ஆறு கோட்பாடுகளை ஒப்பிக்க வைக்கும் மாடியூல் என்றால் வேண்டவே வேண்டாம். நீங்கள் கையாண்ட ஒரு கேஸை எடுத்து, எந்தச் சட்டப்பிரிவின்படி ஏன் அந்த முடிவு என்று எழுத வைத்துக் கறாராகத் திருத்துகிறார்களா என்று பாருங்கள்.

என் வகுப்பில் அதிக நேரம் பேசியது ஸ்டீவன் ஹாஸ்கின் கேஸைப் பற்றித்தான். கார்ன்வால்காரர், கற்றல் குறைபாடு உள்ளவர். வாராவாரம் வந்த உதவியை 2005இல் வேண்டாம் என்றார். அவர் விருப்பம் என்று நிறுத்திவிட்டார்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று யாரும் தோண்டிக் கேட்கவில்லை. வீட்டுக்குள் புகுந்துகொண்ட ஒரு கும்பல் அவரை அடிமை மாதிரி நடத்தி, 2006இல் கொன்றது. "வேண்டாம்" என்ற சொல்லோடு விசாரணை முடிவதில்லை என்று அந்த வகுப்பில் மண்டையில் ஏற்றினார்கள்.

2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி, ஒருவர் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதற்காகவே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. மேனேஜர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் திறன் இருந்தும் பயத்தால் சுயமாகப் பேச முடியாதவர்கள் இருக்கிறார்களே! வயதான பெற்றோரை உடன் வசித்த மகன் மிரட்டிய ஒரு வழக்கில், 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படிப்பட்டவர்களைக் காக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. டிஎல் வழக்கு என்பார்கள். உங்கள் மாடியூலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

செல்வி:
அக்காவோடு முழுக்க உடன்பட முடியவில்லை. நான் பி.ஐ.ஏ. முடித்தவள். திறன் இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதும் பழக்கம் அதற்கப்புறம்தான் போனது. எந்த முடிவுக்கான திறன்? பணமா, புண்ணுக்கு வைத்தியமா, மகனோடு இருப்பதா? விவரத்தைப் புரிந்துகொள்கிறாரா, நினைவில் வைக்கிறாரா, சீர்தூக்கிப் பார்க்கிறாரா, தெரிவிக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மகனை வைத்துக்கொண்டு அதைச் செய்யவே முடியாது.

தாமிரபரணி:
இருவருக்கும் நன்றி. பயிற்சி தொடங்கச் சில மாதம் ஆகும். அதுவரை இந்த அம்மாவுக்கு என்ன செய்வது? அவர் சம்மதிக்காமல் விசாரணை தொடங்க முடியாது என்கிறார்களே?

மலர் அக்கா:
அது தவறு. 2014ஆம் ஆண்டு கேர் சட்டம் 42ஆம் பிரிவு மூன்றே விஷயம் கேட்கிறது: பராமரிப்புத் தேவை, கொடுமை அல்லது புறக்கணிப்புக்கு ஆளாகும் ஆபத்து, அந்தத் தேவைகளால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலை. இப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்தாலே போதும். சம்மதம் அந்த மூன்றில் இல்லை. இதை மேனேஜருக்கு ஈமெயிலில் எழுதுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். கேஸை மூடுவதாக இருந்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், புண்ணைக் காரணம் காட்டி ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக் நர்ஸிடம் ஒரு நேரம் வாங்குங்கள். கட்டுப் போடும்போது மகனை வெளியே உட்காரச் சொல்வது வழக்கமான விஷயம், சந்தேகம் வராது. அங்கே நீங்கள் தமிழில் தனியாகப் பேசுங்கள். முதல் கேள்வியே மகனைப் பற்றி வேண்டாம். புண் எப்போது வந்தது என்று கேளுங்கள்.