ஃபோட்டோவ எழுத்தா மாத்துனா முகம் நீளமா வருது, என்ன பண்ணலாம்?

திண்ணைப்பையன்:
வணக்கம் மக்களே. எங்க ஆச்சியோட பழைய ஃபோட்டோவ @ # + . இந்த மாதிரி எழுத்துலயே வரணும்னு பைத்தான்ல ஒரு ப்ரோகிராம் எழுதுனேன், பில்லோங்கற பைத்தானோட பட லைப்ரரி வச்சு கருப்பு வெள்ளையாக்கி 100 பிக்சல் அகலத்துக்கு சுருக்கி ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு எழுத்து போடுறேன், கருப்புக்கு @, வெள்ளைக்கு புள்ளி. படம் வருது, ஆனா முகத்த மேலயும் கீழயும் புடிச்சு இழுத்த மாதிரி இருக்கு. டெர்மினல்ல, அதான் ப்ரோகிராம ஓட்டுற எழுத்து ஸ்கிரீன்ல, ஆச்சியோட வெள்ள முடி கருப்பாவும் தெரியுது. அடுத்த மாசம் அவங்களுக்கு 80 முடியுது, பிரிண்ட் போட்டு குடுக்கணும், கொஞ்சம் சொல்லுங்க.

கணினிக்கிறுக்கன்:
ப்ரோ, பிக்சல் சதுரம், டெர்மினல்ல ஒரு எழுத்தோட கட்டம் சதுரம் இல்ல, அகலத்த விட உயரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனால உயரத்த பாதியாக்கணும். ஃபோட்டோ 800க்கு 1000னா, 100 எழுத்து அகலத்துக்கு 125 வரி வேணாம், 62 வரி போதும். முடி கருப்பா தெரியுறது உங்க ப்ரோகிராம் தப்பு இல்ல, டெர்மினல் பின்னணி கருப்பு, அதுல @ தான் வெளிச்சமா தெரியும். வெள்ள பேப்பர்ல பிரிண்ட் போட்டா சரியாயிரும், ஸ்கிரீன்ல பாக்க மட்டும் எழுத்து வரிசைய திருப்பி போடுங்க.

வைகைக்கரை:
மேல சொன்னது சரிதான், ஆனா பழைய ஃபோட்டோன்னா இன்னொண்ணு முக்கியம், அதெல்லாம் மங்கி மொத்தமும் சாம்பலா இருக்கும், உங்ககிட்ட இருக்கறது பத்து எழுத்துன்னா அதுல நாலு தான் வேலைக்கு வரும், கண்ணும் மூக்கும் ஒண்ணாயிரும். மொதல்ல பின்னாடி இருக்க செவரு, நாற்காலி எல்லாத்தையும் வெட்டிட்டு முகம் மட்டும் வைங்க, அப்புறம் பில்லோலயே ஆட்டோகான்ட்ராஸ்ட் இருக்கு, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்த தானா கூட்டும், அத போட்டுட்டு மாத்துங்க. கண்ணு தனியா எடுத்து தெரியும்.

திண்ணைப்பையன்:
ரொம்ப நன்றிங்க, 62 வரி வச்சதும் ஆச்சி ஆச்சியாவே வந்துட்டாங்க! தமிழ் எழுத்துலயே பண்ண முடியுமா? அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

கணினிக்கிறுக்கன்:
முடியும், ஆனா டெக்ஸ்டா வேணாம். தமிழ் ஃபான்ட்ல பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அகலம், ட சின்னது, ண பெருசு, வரி வரிக்கு கோணிரும். பதிலா ஒரு வெள்ள இமேஜ எடுத்து கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்து நடுவுலயும் ஒரு எழுத்த வரைங்க. கட்டம் சதுரமாவே வச்சுக்கலாம், அப்ப உயரத்த பாதியாக்க வேணாம். எது அடர்த்தின்னு கண்ணால முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு எழுத்தையும் வரைஞ்சு எத்தன பிக்சல் கருப்பாகுதுன்னு எண்ணி வரிசப்படுத்துங்க.

வைகைக்கரை:
பிரிண்ட் A4ல போடாதீங்க, பெருசா போடுங்க. 1966ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சி கூடத்துல கென் நோல்ட்டனும் லியோன் ஹார்மனும் ஒரு ஃபோட்டோவ ஸ்கேன் பண்ணி குட்டி குட்டி குறியா மாத்துனப்ப 12 அடி நீளத்துக்கு பிரிண்ட் எடுத்தாங்க, கிட்டக்க குறி, தள்ளி நின்னா உருவம். A3ல போட்டு ஆச்சி உக்கார்ற எடத்துக்கு எதிர் செவுத்துல மாட்டுங்க.