டிஜிட்டல் சமையலறைத் தராசில் எடை தானாக ஏறுகிறது, வழி சொல்லுங்கள்

மாவு நிறுக்க வாங்கும் 5 கிலோ தராசு, செடி உரம், பெயின்ட் கலவை, பார்சல் என எல்லாவற்றுக்கும் கைகொடுக்கிறது. 1 மி.லி. தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம் என்பதால் அளவுக் குவளையே வேண்டாம். தூக்கிப் போட மனம் வரவில்லை.

200 கிராம் வைத்தால் ஐந்து நிமிடத்தில் 209 காட்டுகிறது. தட்டின் ஓரத்தில் வைத்தால் 194. பேட்டரி புதிது, தரை சமம், ரப்பர் கால் நான்கும் பதிகின்றன. திறந்து பார்த்தாயிற்று: எடையை உணரும் அலுமினியப் பாகமான லோடு செல்லின் திருகுகள் இறுக்கமாக உள்ளன, ஆனால் வெள்ளை ஒயரின் சால்டர் முனையில் பச்சை பூத்திருக்கிறது. சுரண்டி மறுபடி சால்டர் வைத்தால் போதுமா? செல்லின் பசைப்பூச்சுக்குள் ஈரம் புகுந்திருந்தால் செல்லையே மாற்ற வேண்டுமா? மாற்றினால் காலிபரேஷன் (சரியான எடை காட்டும்படி அளவு திருத்துவது) எப்படி? செய்து பார்த்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள்.