துணைப்பாடம் படித்தால் அருங்காட்சியகப் பொருளில் எண் எழுத வந்துவிடுமா?

பதிவேடு: “இளங்கலையில் அருங்காட்சியகவியலைத் துணைப்பாடமாக எடுத்தால் போதும், பொருளில் பதிவு எண் எழுதவெல்லாம் ஒரு மதியம் பழகினால் வந்துவிடும்” என்று தூரிகை நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரு மதியத்தில், எண்ணுக்கு அடியில் பூசும் கரைசலே தயாராகாது. 100 மில்லி அசிட்டோனுக்கு 25 கிராம் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். குருணையைத் துணியில் முடிந்து ஜாடிக்குள் தொங்கவிட்டால் ஓரிரவில் கரையும். அப்படியே கொட்டினால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

தூரிகை: நான் சொன்னது எண் எழுதுவதை, கரைசல் செய்வதை அல்ல. அது தயாராகவே கிடைக்கிறது. 1 செ.மீ. அகலம், 2 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை பூசி, காய்ந்ததும் நிறமி மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. ஒரு செய்முறை வகுப்புக்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

பதிவேடு: அந்த “இன்னொரு பூச்சு” எதில்? அங்கேதான் மாட்டிக்கொள்கிறீர்கள். மேலேயும் பி-72 பூசினால் அதிலுள்ள அசிட்டோன் அடிப்பூச்சை இளக்கும், மை இழுபடும். 2024.15.3 என்றால் அந்த ஆண்டின் 15-வது வரவில் 3-வது பொருள். 3 கலங்கி 8 ஆனால் அது வேறு பொருளின் எண். மேற்பூச்சு அதே வகைப் பிசினான பி-67 ஆக இருக்க வேண்டும், ஒயிட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தது. ஒயிட் ஸ்பிரிட் பி-72-ஐக் கரைக்காது.

தூரிகை: அடிப்பூச்சு ஒரு நாள் காய்ந்து, மையும் காய்ந்தபின் ஒரே இழுப்பில் பூசினால் பி-72-ஏ போதும். போன இடத்திலேயே திரும்பத் திரும்பத் தூரிகையை ஓட்டுபவருக்குத்தான் மை இழுபடும். கைப்பழக்கம் இல்லாததற்கு அசிட்டோன் என்ன செய்யும்? உங்கள் பி-67 வெளிச்சத்தில் நாளடைவில் கரையாத தன்மை அடையக்கூடியது, அதையும் சொல்லுங்கள்.

பதிவேடு: எண் எழுதுவது பொருளின் மறைவான பக்கத்தில். அங்கே ஏது வெளிச்சம்? அதிருக்கட்டும், நேற்று ஒரு மதியம் என்றவர் இன்று “ஒரு நாள் காய்ந்து” என்கிறாரே!

கண்ணாடிப்பெட்டி: அருங்காட்சியகப் பணி என்பது எது என்று முதலில் பேசலாமே. ஐகாம் (சர்வதேச அருங்காட்சியகங்கள் அவை) 2022-இல் பிராகில் ஏற்ற வரையறையில் ஆய்வு, சேகரிப்பு, பாதுகாப்பு, விளக்கம், காட்சிப்படுத்தல் எல்லாம் வருகின்றன. எண் எழுதுவது அதில் ஒரு துளிதான்.

பதிவேடு: வரையறை எங்கும் ஓடிவிடாது. துணைப்பாட மாணவர் வார்னிஷ் அடித்த மரப்பெட்டியில் பி-72 வைத்தால் அசிட்டோன் வார்னிஷையே கரைக்கும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பொம்மையில் வைத்தால் மேற்பரப்பு குழையும். சுடாத மண்ணில் பூச்சோடு மண்ணும் பெயரும். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைக்க வேண்டும், தாளுக்கு மென்மையான பென்சில், பின்பக்கத்தில். ஈரமான நாளில் பூசினால் பட்டை வெளுத்துப்போகும்: அசிட்டோன் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். எந்தப் பொருளில் பூசக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் படிப்பு. அது ஒரு மதியத்தில் வராது.

மூன்றாமாண்டு: பி-72 கிடைக்காவிட்டால் நகப்பூச்சு போதுமா? பருத்திக் கையுறை போட்டுத்தானே எழுத வேண்டும்?

பதிவேடு: நகப்பூச்சு வேண்டவே வேண்டாம் தம்பி. அதிலுள்ள செல்லுலோஸ் நைட்ரேட் மஞ்சளாகி உரியும், எண்ணும் கூடவே போய்விடும்.

தூரிகை: பருத்திக் கையுறையும் வேண்டாம். மெருகிட்ட பீங்கான் வழுக்கும், சிலும்பிய மரத்தில் நூல் மாட்டும். வெள்ளிக்கும் பித்தளைக்கும் நைட்ரைல் ரப்பர் கையுறை, ஏனென்றால் விரல் உப்பு அரித்துத் தடம் விடும். தாளுக்குக் கழுவித் துடைத்த வெறுங்கை.

கண்ணாடிப்பெட்டி: கையுறைக்குப் பாடம் எடுப்பவர், நீர்வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வெளிச்சம் என்று எழுதிவிட்டு, 50 என்று திருத்தியதும் காணாமல் போனவர்தானே?

தூரிகை: 200 என்றது எண்ணெய் ஓவியத்துக்கு. அங்கேயே சொன்னேன். படிக்காமல் திருத்த வந்தது நீங்கள்.

கண்ணாடிப்பெட்டி: இரண்டு நாள் கழித்துச் சொன்னீர்கள்.

பதிவேடு: லக்ஸ் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்பூச்சுக்குப் பதில் இன்னும் வரவில்லை. ஒரு கண்ணாடித் துண்டில் எண் எழுதி, மேலே பி-72 பூசிப் படம் போடுங்கள். 3-ஐ 3 என்று படிக்க முடிகிறதா பார்க்கலாம்.

தூரிகை: போடுகிறேன். பக்கத்திலேயே உங்கள் பி-67-உம் இருக்கும். ஒரு மதியம்தான் ஆகும்.

பதிவேடு: காய ஒரு நாள்.