முட்டைக்கோஸுக்கு பி.டி. தெளித்த பிறகும் புழு உயிரோடு இருப்பது ஏன்?

கோஸ் விவசாயி, ஓசூர் பக்கம்:
அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஏக்கரில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறேன். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் இலைகளைச் சல்லடையாக்கிவிட்டதால், நேற்று முன்தினம் மாலை பி.டி. என்னும் பாக்டீரியாப் பூச்சிக்கொல்லித் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்துத் தெளித்தேன். நேற்றுக் காலை பார்த்தபோது பெரும்பாலான புழுக்கள் அசைந்துகொண்டுதான் இருந்தன. மருந்து பழையதோ என்று ஐயமாக இருக்கிறது. இது புழுவை எவ்வாறு கொல்கிறது, மறுபடியும் தெளிக்க வேண்டுமா என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் கோஸைத்தான் சாப்பிடுவார்கள் என்பதால், அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்:
ஐயா, அவசரப்பட்டு மறுபடியும் தெளிக்க வேண்டாம். புழு அசைகிறதா என்பதை விட்டு, தின்கிறதா என்பதைப் பாருங்கள்.

இது பட்டவுடன் கொல்லும் நஞ்சு அன்று. புழு இதைத் தின்றாக வேண்டும். பி.டி. என்பது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்பதன் சுருக்கம். இந்தப் பாக்டீரியா, வித்து (ஸ்போர் என்னும் உறங்குநிலைச் செல்) உண்டாகும் காலத்தில் கிரை என்ற புரதத்தைப் படிகமாகச் சேர்த்துவைக்கிறது. அந்துப்பூச்சிப் புழுக்களின் நடுக்குடல் பி.எச். 9-க்கு மேற்பட்ட கடுங்காரத் தன்மை உடையது என்பதால், இலையோடு உள்ளே போகும் படிகம் அங்கே கரைகிறது. கரைந்த புரதத்தின் ஏறக்குறைய பாதியைப் புழுவின் செரிமான நொதிகளே வெட்டி நீக்கி, அதுவரை செயலற்றிருந்த நஞ்சை எழுப்பிவிடுகின்றன. அந்த நஞ்சு குடற்சுவர் செல்களின் மேலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளை (நஞ்சு பொருந்தி ஒட்டும் மூலக்கூறுகளை) பற்றிக்கொண்டு, சில மூலக்கூறுகளாக ஒன்றுசேர்ந்து, செல்சவ்வுக்குள் நுழைந்து துளையிடுகிறது. துளை வழியே அயனிகளும் தண்ணீரும் புகுவதால் செல் வீங்கி வெடிக்கிறது.

செல்கள் இவ்வாறு அழிந்துவரும்போது குடல் செயலிழந்து, சில மணி நேரத்திலேயே புழு தின்பதை நிறுத்திவிடும். ஆனால் சாவதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். பட்டினியோடு, ஓட்டையான குடலிலிருந்து பாக்டீரியாக்கள் உடல் திரவத்தில் புகுந்து பெருகுவதும் சேர்ந்துதான் அதைக் கொல்கிறது.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் இரைப்பை அமிலத் தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. எனினும் காயை நன்றாகக் கழுவியே சமையுங்கள்.

கோஸ் விவசாயி, ஓசூர் பக்கம்:
மிக்க நன்றி ஐயா. இன்று காலை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு போய்ப் பார்த்தேன். இலைகளில் புதிய கடிவாய் இல்லை, பச்சை நிறத்து எச்சமும் காணப்படவில்லை. பல புழுக்கள் சுருங்கிக் கறுத்து இலையடியில் ஒட்டிக்கிடக்கின்றன. தொட்டால் நழுவி ஓடும் புழு, குச்சியால் தீண்டியும் அசையவில்லை.

பட்டுப்புழு வளர்ப்பவர்:
உங்கள் பக்கத்தில் மல்பெரித் தோட்டங்கள் அதிகம் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1901-இல் ஜப்பானில் ஷிகெடானே இஷிவாடா இந்தப் பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தெடுத்தது, நோயுற்ற பட்டுப்புழுக்களிலிருந்துதான். பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி இனமே. கோஸ் புழுவைக் கொல்லும் அதே நஞ்சு அதையும் கொல்லும். காற்றில் பறக்கும் சாரல் மல்பெரி இலையில் படிந்தால், ஒரு குடும்பம் இரவும் பகலும் கண்விழித்து வளர்த்த புழுக்கள் முழுவதும் போய்விடும்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்:
மிகவும் தேவையான எச்சரிக்கை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பி.டி.யை மட்டுமே திரும்பத் திரும்பத் தெளித்தால், ஏற்பி மாறிப்போன புழுக்கள் தப்பிப் பெருகும். அவற்றின் குடலில் நஞ்சு பற்றுவதற்கு இடமிருக்காது. ஹவாய்த் தீவுகளின் வயல்களில் இந்த வைரமுதுகுப் பூச்சியே அவ்வாறு எதிர்ப்புத்திறன் பெற்றதை 1990-இல் பதிவுசெய்தார்கள். ஆகவே கோஸ் வரிசைகளுக்கிடையே கடுகை ஊடுபயிராக இட்டுப் பூச்சிகளை அதன் பக்கம் இழுப்பது போன்ற பிற வழிகளையும் கையாளுங்கள். வெயில் இந்தப் புரதத்தை விரைவில் சிதைத்துவிடும் என்பதால் மாலையில் தெளித்தது சரியான செயல்.

கோஸ் விவசாயி, ஓசூர் பக்கம்:
கிழக்கே இரண்டு வயல் தள்ளி மல்பெரி இருக்கிறது. இதுவரை நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. இன்று மாலையே அந்த அண்ணனைப் பார்த்து, நான் மருந்து தெளித்த நாளைச் சொல்லி, எங்கள் பக்கத்து வரப்பை ஒட்டிய இலைகளைப் புழுவுக்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.