மறு: மறு: புற்றுநோய் ஆய்வுக்கு ‘சீட் ஃபண்டிங்’ – விதைநிதி சரிதானா?

> ஒரு மாத இதழுக்குக் கட்டுரை எழுதுகிறேன். பொறியாளர்களும் இயற்பியல், வேதியியல்காரர்களும் புற்றுநோய் ஆய்வாளர்களோடு சேர்ந்து புதிதாக ஒன்றை முயன்று பார்க்கப் பல்கலைக்கழகங்கள் தரும் சிறு தொகையைப் பற்றியது, ஆங்கிலத்தில் ‘சீட் (விதை) ஃபண்டிங்’ என்பார்கள். ‘புற்றுநோய் விதைநிதி’ என்று போட்டேன், ஏதோ இடிக்கிறது.

இடிக்கத்தான் செய்யும் அம்மா. தலைப்பில் அதைப் பார்த்ததும் யாரோ காசு கொடுத்துப் புற்றுநோயை விதைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நடுவில் ‘ஆய்வு’ என்று ஒரு சொல்லைச் செருகினால் பாதி சரியாகும். மீதிச் சிக்கல் என்னவென்றால், புற்றுநோயியலில் விதை ஏற்கெனவே இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. ஸ்டீஃபன் பேஜெட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1889-இல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளைப் பார்த்து, இது ஏன் சில உறுப்புகளுக்கு மட்டும் அதிகம் பரவுகிறது என்று கேட்டார். புற்றணு என்ற விதை எல்லாத் திசையிலும்தான் போகும், ஏற்ற உறுப்பு என்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் சொன்ன விடை. இன்றைக்கும் அதற்கு ‘விதையும் மண்ணும்’ என்றே பெயர். அப்புறம், புராஸ்டேட் புற்றுக்குக் கதிர்வீசும் அயோடின்-125 அடைத்த அரிசிமணி அளவுக் குழல்களை உள்ளே பதித்து வைக்கிறார்களே, அதற்கும் பெயர் சீட்தான். ஒரே கட்டுரையில் மூன்று விதை வந்தால் வாசகர் பாவம்.

> ‘தொடக்க நிதி’, ‘ஆதார நிதி’, ‘முளைநிதி’ – இவற்றில் ஒன்று?

‘தொடக்க நிதி’ வேண்டாம். புதிதாகச் சேரும் பேராசிரியர் ஆய்வுக்கூடம் அமைக்கக் கொடுப்பார்களே, அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். ‘ஆதார நிதி’ புத்தொழில் செய்திகளில் அடிபடுகிறது, ஆனால் ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் நம்பியிருக்கும் அடிப்படைப் பணத்துக்குத்தான் அது பொருந்தும். முளைநிதி எனக்குப் பிடித்தது, ஆனால் அச்சில் ஒரு சுழி கூடிவிட்டால் மூளைநிதி ஆகிவிடும்!

சொல்லை விட்டுவிட்டு அந்தப் பணம் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போமே. ஓர் ஒளியியல் ஆளும் ஒரு புற்றுநோய் உயிரியலாளரும் காப்பி குடிக்கும்போது ஒரு யோசனை பிறக்கிறது என்று வையுங்கள். பெரிய நிதி அமைப்பிடம் போனால், முன்தரவு எங்கே, அதாவது யோசனை தேறும் என்று காட்டும் முதல் சோதனை முடிவுகள் எங்கே என்பார்கள். முன்தரவு எடுக்கப் பணம் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. இரண்டு துறைக்கு நடுவில் இருப்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு, உயிரியல் மதிப்பீட்டாளர் இது பொறியியல் என்பார், பொறியியல் ஆள் இது மருத்துவம், அந்தக் கதவைத் தட்டு என்பார்.

ராபர்ட் லாங்கர் பட்டபாடு இதுதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, எண்ணெய் நிறுவனங்கள் கூப்பிட்ட வேலைகளை வேண்டாம் என்றுவிட்டு, 1974-இல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் போய்ச் சேர்ந்தார். கட்டி வளரப் புது இரத்தக்குழாய்கள் வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று ஃபோக்மன் 1971-இல் எழுதியிருந்தார். தடுக்கும் பொருளைச் சோதிக்க, பெரிய மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற பொருள்) தேவைப்பட்டது. அது நடக்காது என்று பலர் சொன்னார்கள், 1976-இல் இருவரும் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகும் லாங்கர் மானியத்துக்கு அனுப்பிய முதல் ஒன்பது விண்ணப்பங்களும் தள்ளுபடி! மூளைக் கட்டியை எடுத்த குழியில் வைக்கும், கார்மஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கசியும் பாலிமர் வில்லைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996-இல். பாலிமரிலிருந்து வில்லைக்கு இருபது வருடம்.

இந்தப் பணம் அப்படிப்பட்ட யோசனை பெரிய வயலுக்குப் போகும்வரை அதைச் சின்னப் பாத்தியில் உயிரோடு வைத்திருக்கிறது. அது விதைப்பு இல்லை, நாற்றங்கால். எங்கள் ஊரில் ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்பது கணக்கு. நாற்று அழுகினாலும் போவது 8 சென்ட்தான், ஏக்கர் இல்லை. தேறினால் பிடுங்கி வேறு வயலில் நடுகிறோம், அதாவது பல்கலைக்கழகக் காசில் முளைத்தது தேசிய நிதியில் வளர்கிறது. ஆகவே என் பரிந்துரை நாற்றுநிதி. நாற்று மானியம், நாற்றுத் திட்டம் என்று சொல் நன்றாகக் கிளைக்கும்.

ஒரு எச்சரிக்கை: சின்னதும் பெரியதுமாக எல்லாவற்றையும் இதில் அடைக்காதீர்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2009-இல் இயற்பியலாளர்களையும் புற்றுநோயியலாரையும் சேர்த்து 12 மையங்களுக்குப் பணம் கொடுத்தது, அது முழு நடவு.

-----

வணக்கம். நாற்றுநிதிக்கு என் ஆதரவு, அரை மனதோடு. விதை நகரத்துப் பிள்ளைக்கும் தெரியும், நாற்று தெரியுமா? நாற்றுக்கும் முன்னால் விதை வேண்டுமே என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? (இலங்கையில் நாங்கள் நாற்றுமேடை என்போம், அதனால் எனக்குச் சிக்கல் இல்லை.)

நான் எழுத வந்தது வேறு. கட்டுரையின் வரைவில் ‘உடல் அறிவியல்’ என்று இருக்கிறது. இது இயந்திர மொழிபெயர்ப்பு செய்த வேலை என்று நினைக்கிறேன், ‘ஃபிசிக்கல் சயின்சஸ்’ என்பதில் ஃபிசிக்கல் என்றதும் உடல் என்று போட்டுவிட்டது. புற்றுநோய்க் கட்டுரையில் உடல் அறிவியல் என்றால் எல்லோரும் உடற்கூறு என்றே நினைப்பார்கள். ‘இயற்பியல்’ என்றும் போடமுடியாது, வேதியியலும் உள்ளே வரவேண்டும். எங்கள் பக்கம் பௌதிக விஞ்ஞானம் என்போம். தமிழ்நாட்டு இதழுக்கு அது ஒத்துவராது என்றால் ‘இயற்பியல், வேதியியல் முதலான துறைகள்’ என்று விரித்தே எழுதுங்கள், ஒன்றும் குறையாது.

-----

விதை எது என்றால், அந்தக் காப்பி. அதற்கு யாரும் மானியம் தருவதில்லை :)

உடல் அறிவியல் பற்றிச் சொன்னது சரி, நான் கவனிக்கவில்லை. வரைவில் உள்ள ‘பல்துறை’ என்பதையும் மாற்றச் சொல்வேன். மருத்துவமனையில் கதிர்வீச்சுக் கருவியை இயற்பியலாளர் பார்த்துக்கொள்கிறார், மருந்தை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் அது பல்துறை. லாங்கரும் ஃபோக்மனும் இரண்டு துறையையும் ஒரே கேள்வியில் கலந்து செய்தது துறையிடை ஆய்வு. ‘இடைத்துறை’ வேண்டாம், இடைநிலைப் பள்ளி மாதிரி ஒலிக்கிறது.

-----

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கட்டுரையைக் கொடுக்கவேண்டும். தலைப்பு: ‘துறையிடைப் புற்றுநோய் ஆய்வுக்கு நாற்றுநிதி’. முதல் முறை வரும் இடத்தில் ‘சீட் ஃபண்டிங் எனப்படும்’ என்று சேர்த்துவிடுகிறேன், அதற்குப் பிறகு தமிழ்தான். உடல் அறிவியலை எடுத்துவிட்டேன். ஆசிரியர் விதைநிதி என்று மாற்றினால் பேஜெட்டின் மண்ணை அவருக்கு அனுப்பிவைக்கிறேன்.

‘பைலட் ப்ராஜெக்ட்’டுக்கு வெள்ளோட்டம் என்று போட்டிருக்கிறேன். யாராவது ஆட்சேபித்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.