‘அசர்ட்’ என்பதற்கு ‘அறுதியிடு’: ஒரு பரிந்துரை

வணக்கம்.

கணினி நிரலில் வரும் ‘அசர்ட்’ (assert) என்ற கட்டளைக்குத் தமிழில் ‘வலியுறுத்து’ என்று முன்வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. “கடனைத் தள்ளுபடி செய்ய வலியுறுத்தி ஆர்ப்பாட்டம்” என்று செய்தித்தாளில் படிக்கிறோம். இன்னொருவர் ஒன்றைச் செய்யவேண்டும் என்று கேட்பதுதான் வலியுறுத்தல். அசர்ட் எழுதுகிறவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. “இந்த இடத்தில் வயது சுழியத்துக்குக் கீழே போகாது” என்று தன் பொறுப்பில் சொல்லிவைக்கிறார். அது பொய்யானால் பைத்தான் என்ற நிரல்மொழி பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும்.

‘உறுதிசெய்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. செயலிகளில் பணம் அனுப்பும் முன் அழுத்தும் பொத்தான் அது. ‘உறுதிமொழி’ பதவியேற்பு மேடைக்குப் போய்விட்டது. இலங்கையில் ‘உறுதி’ என்றால் காணிப் பத்திரம்.

சரி, பேச்சில் என்ன சொல்கிறோம்? ‘கண்டிப்பா’, ‘கட்டாயம்’ இரண்டும் பெரும்பாலும் இனி நடக்கப்போவதற்கு: “நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்.” ‘சத்தியமா’ என்றால் பேசுகிறவரின் நாணயம் நடுவில் வந்துவிடுகிறது. ‘திட்டவட்டமாக’ என்றதும் ‘மறுத்தார்’ என்று கை தானாக எழுதுகிறது. நமக்கு வேண்டியதோ உடன்பாட்டுச் சொல். மிக நெருங்கி வருவது ‘அடிச்சுச் சொல்றேன்’ தான். சான்று இன்னும் காட்டவில்லை, ஆனால் சொல்கிறவருக்குச் சந்தேகமே இல்லை. அசர்ட்டும் அதே நிலைதான். ஆனால் அதைப் பெயராக்கப் போனால் ‘அடிச்சொல்’ ஆகி வேர்ச்சொல்லோடு குழம்பும்.

பழஞ்சொல்லில் எனக்குப் பெரிய ஆசை ‘ஒருதலை’ மேல். “தெரிதலும் தேர்ந்து செயலும் ஒருதலையாச் சொல்லலும் வல்லது அமைச்சு” என்கிறது 634ஆம் குறள். ஐயத்துக்கு இடமில்லாமல் துணிந்து சொல்வதுதான் அங்கே ஒருதலை. என்ன செய்வது, இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஒருதலைக் காதலும் ஒருதலைப்பட்சமும்தான் நினைவுக்கு வரும். இலக்கணத்தின் ‘தேற்றம்’ இன்னும் பொருத்தம். ஐயமில்லை என்று காட்டச் சொல்லோடு சேர்க்கும் ‘ஏ’, அதாவது தேற்ற ஏகாரம், செய்வது இதே வேலைதான். ஆனால் பிதாகரஸ் தேற்றம் படித்த பிள்ளைகளிடமிருந்து அதை இனித் திரும்ப வாங்க முடியாது.

அப்புறம், தமிழ்நாட்டுப் பள்ளி வினாத்தாள்களில் “கூற்று, காரணம்” வகைக் கேள்வி உண்டு. அங்கே ‘கூற்று’ என்பது அசர்ட்டின் பெயர்வடிவமான அசர்ஷனைத்தான் குறிக்கிறது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் கூற்று என்பதால் தனியே அதில் அழுத்தம் போதாது.

அதனால் வினைக்கு ‘அறுதியிடு’, பெயருக்கு ‘அறுதிக்கூற்று’ என்று பரிந்துரைக்கிறேன். ‘அறுதியிட்டுக் கூறமுடியாது’ என்று இப்போதும் எழுதுகிறோம். அறுதிப் பெரும்பான்மையும் அறுதிக் கிரயமும் எல்லாருக்கும் தெரிந்தவை. அறுதி என்றால் முடிந்த முடிவாயிற்றே, அசர்ட் தோற்கலாமே என்று கேட்பீர்கள். அறுதியிட்டுச் சொன்னதும் பொய்க்கலாம். சொன்னவர் தயங்காமல் சொன்னார் என்பதைத்தான் இந்தச் சொல் காட்டுகிறது, அது உண்மையா என்பதை அல்ல. உண்மையா என்று பார்ப்பது கணினியின் வேலை.

பிழைச்செய்தி இப்படி வரும்: “வரி 12: அறுதிக்கூற்று பொய்த்தது.” மழை பொய்த்தது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது என்று நம்புகிறேன். சோதனை நிரல் எழுதுகிறவர்கள் ஒரு கோப்பிலாவது போட்டுப் பார்த்து, நாக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.